இருட்டில் ஏறாத ஃபிலிம்

…ஃபிலிமின் வளைந்த பக்கம் கீழே என்றாளா, மேலே என்றாளா, வெளிச்சத்தில் மூன்று வாரம் பழகியபோது கை தானாகப் போட்டதே, கண்ணை மூடிக்கொண்டு ஏழு தடவை போட்டுக் காட்டியபோது பூங்கோதை டீச்சர்கூட, அக்கா நீங்க தேறிட்டீங்க என்றாளே, கண்ணை மூடுவது வேறு, இருட்டு வேறு என்று அப்போது யாரும் சொல்லவில்லையே… சபியா கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது, மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று இமையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வலது கையில் ஃபிலிம், இடது கையில் அதைச் சுற்றி ஏற்றவேண்டிய பிளாஸ்டிக் ரீல், முன்னால் பலகை, பலகைக்கு அடியில்… பலகைக்கு அடியில் இருப்பதை நினைக்கக் கூடாது என்று எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் நினைப்பு அங்கேதான் போயிற்று. தீர்த்தமாட ராமேஸ்வரம் வருகிறவர்கள் தங்குகிற பழைய லாட்ஜின் மாடியில் இரண்டு அறைகளைப் பிடித்து டீச்சர் சனிக்கிழமை போட்டோ வகுப்பு நடத்தினாள், உள்ளறையின் குளியலறைதான் இருட்டறை, சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, கதவு இடுக்கிலெல்லாம் கறுப்புத் துணி ஒட்டி, கக்கூஸ் பேசின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதற்கு மேசை என்று பேரும் வைத்தாகிவிட்டது. முதல் நாள் தங்கசாமி அண்ணன் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, படம் இதுக்குள்ள போய்ட்டா என்ன செய்யிறது தாயி என்று சபியாவிடம் கேட்டார். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது, இப்போது அப்படியில்லை.

முதுகில் வேர்வை ஓடியது, மே மாதத்தில் அடைத்த குளியலறைக்குள் பர்தாவோடு நிற்கிறவளுக்கு வேர்க்காமல் என்ன செய்யும், வேர்த்த கையால் ஃபிலிமைத் தொடக் கூடாது, அது ஆறாவது விதி, சரி, கையைத் துடைக்க ஃபிலிமைக் கீழே வைக்க வேண்டும், கீழே வைத்தால் மறுபடி எடுக்கத் தேட வேண்டும், அதற்கு விதி இருக்கிறதா… மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுபவை என்று தலைப்பிட்டு மஞ்சள் தாளில் பதினாலு விதி அச்சடித்துக் கொடுத்திருந்தாள் டீச்சர். இருபத்தொன்பது வயதுப் பெண், பேசினால் மெதுவாகத்தான் பேசுவாள், ஆனால் அந்தத் தாளைப் படித்தால் ஏதோ போலீஸ் ட்ரெயினிங் என்றுதான் தோன்றும். நேரத்துக்கு வர வேண்டும், மழை, ரயில், பாலம் எதுவும் காரணமல்ல என்பது முதல் விதி. செல்போன், கைக்கடிகாரம் எல்லாம் வெளியே கூடையில் என்பது மூன்றாவது. சபியா அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, தேங்காய் துருவும்போதும் மீன் ஆயும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள், படித்த காலத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டாள், மகள் யும்னா அதையும் ஒருநாள் சொல்லிக் காட்டினாள். இன்றைக்கு மூன்றாவது விதிக்காகச் செல்லைப் போட்டாள், கடிகாரத்தைப் போட்டாள், கல் மின்னுமோ என்று மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள், டீச்சரே சிரித்துவிட்டாள்.

ஒன்பதாவது விதிதான் ஆளைக் கொன்றது. அவரவர் எடுத்த படத்தை அவரவர் கழுவக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருடைய ரோல் யார் கைக்கு வருகிறதோ அதைத்தான் கழுவிக் கொடுக்க வேண்டும், அடுத்தவர் பொருள் என்றால்தான் கை கவனமாக இருக்குமாம். இது எந்த ஊர் நியாயம்… அடுத்த வீட்டுத் தட்டைக் கழுவும்போதுதானே சபியாவுக்குக் கை நழுவும். சீட்டைப் பிரித்தாள், யும்னா என்று இருந்தது. மகள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ, டீச்சர், சீட்ட மாத்திக் குடுங்க என்று எழுந்தே நின்றுவிட்டாள், டீச்சர் மஞ்சள் தாளைத்தான் காட்டினாள். அம்மா கழுவக் கூடாது என்றால் அதில் அம்மா பார்க்கக் கூடாதது இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதற்கு. இருபது வயது, காலேஜ் முடித்தாயிற்று, ஜூன் பிறந்தால் மேற்படிப்புக்குச் சென்னை ஹாஸ்டல், பெட்டிகூட வாங்கியாயிற்று. வீட்டில் இருக்கும்போது செல்லோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள், சனிக்கிழமை காலையில் மட்டும் அக்காள்மடம் ஸ்டாப்பில் பஸ் ஏறினால் வகுப்பு முடியும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்கிறாள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தானே நாற்பத்து நாலு வயதில் கேமராவைத் தூக்கினேன், கலை வளர்க்கவா வந்தேன். அதற்கும் மகள் மூன்று நிபந்தனை போட்டுத்தான் சேர விட்டாள், வகுப்பில் என்னை மகளே, கண்ணே என்று கூப்பிடக் கூடாது, சாப்பிட எதுவும் கட்டிக்கொண்டு வரக் கூடாது, நான் சின்னப் பிள்ளையில் செய்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. இன்னும் இரண்டு சனிக்கிழமைதான் பாக்கி.

நுனியை ரீலின் வாயில் வைத்துத் தள்ளினாள், போயிற்று, டக் டக்கென்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கினாள், போயிற்று போயிற்று, அல்ஹம்துலில்லாஹ், பாதி வந்திருக்கும், நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒரு முழத்துக்கு மேலே வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்து முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் நாலு பேரும் உட்கார்ந்திருப்பார்கள், தங்கசாமி அண்ணன் மூன்று நிமிடத்தில் ஏற்றிவிட்டு வெளியே வந்தார், மிளகாய் பிடுங்கிப் பழகிய கை, வசீம் நாலு நிமிடம், யும்னா ஐந்து, என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்… தங்கசாமி அண்ணன் எதுவும் பேச மாட்டார், உத்தரகோசமங்கையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், தோட்டத்து மிளகாயைக் கறுப்பு வெள்ளையில் முப்பத்தாறு படம் எடுத்து வைத்துக்கொண்டு, செவப்பே தெரியாதுன்னா இதுல என்ன இருக்கு என்று முந்தின வாரமே மனசு விட்டவர். இந்த வசீம்தான்… பாம்பனில் செல்போன் கடை வைத்திருக்கிற பையன், மூஞ்சி என்னவோ பால் வடிகிற மூஞ்சிதான், லென்ஸ் மூடியைக் காணோம் என்று யும்னாவிடம் போன வாரம் மூன்று தடவை கேட்டான், ஒரு மூடிக்கு மூன்று தடவையா, அவளும் மூன்று தடவையும் சிரித்தாள். மூன்று வாரமாகச் செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணியானால் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள், எங்க போற என்றால் பாம்பன் பக்கம், படகப் படம் எடுக்கணும் என்பாள். படகு எடுக்கிறவளுக்குத் திரும்பி வரும்போது செருப்பில் செம்மண் ஏன் இருக்கிறது, கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாள், நீ எங்க போயிருந்த என்று.

அங்கேதான் சபியாவின் வாய் அடைத்தது. செவ்வாயும் வியாழனும் மகள் படியிறங்கின பத்தாவது நிமிடம் அவளும் படியிறங்கினாள், மகள் இல்லாத நேரம், எவ்வளவு வசதி என்று அல்லாஹ்வுக்கு நன்றி வேறு சொன்னாள். தோப்புக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகிற செம்மண் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது, அங்கே அங்கன்வாடி அமுதவள்ளி தன் ஸ்கூட்டியோடு நிற்பாள், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவாள், சபியா ஓட்டுவாள். வண்டி வாங்கலாமா என்று கேட்டதற்கு, சவூதியில் தமாமில் வேலை பார்க்கிற கணவர் காதர் மைதீன் போனில் சொன்ன பதில் இன்னும் காதில் இருந்தது, ஒனக்கு சைக்கிள்ல உக்காரவே பயம், நீ வண்டி ஓட்டி யாரக் கொல்லப் போற என்று, சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சிரிக்காமல் சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். ஆறு நாள், நாலு விழுதல். முழங்காலில் ஒன்று, முழங்கையில் இரண்டு, ஒன்று சொல்ல முடியாத இடத்தில். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று மகளிடம் சொன்னாள், மறுபடியும் பாத்ரூமா என்று ஒரு தடவை கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை, தலைமாட்டில் தைல பாட்டில் மட்டும் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அந்த நாலும் போகட்டும், போன செவ்வாய்… போன செவ்வாய் அமுதவள்ளிக்குப் போன் வந்து கம்பியை விட்டுவிட்டாள், அது தெரியாமல் சபியா போய்க்கொண்டே இருந்தாள், தெரிந்தபோதும் போய்க்கொண்டே இருந்தாள், காற்று பர்தாவைப் பின்னால் இழுத்தது, கடல் எதிரே வந்தது, வளைவில் எவளோ ஒருத்தி கறுப்புக் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாள், முகம் தெரியவில்லை, சபியா வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாரன் அடித்தாள், ஒருமுறை அழுத்தினால் போதும், அழுத்திய விரலை எடுக்க வரவில்லை, குடை சட்டென்று ஒதுங்கியது, யார் பெத்த பிள்ளையோ, ரோட்டில் நிற்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே ராணி மாதிரிக் கடந்து போனாள். திரும்பிப் பார்த்தால் அமுதவள்ளி இன்னும் போனில்தான் இருந்தாள். யாருமே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை, பூனையிடம் சொன்னாள்.

ரீல் அசையவில்லை. இப்போது கதவைத் திறந்துவிட்டால்… ஒரு விரக்கடை இடுக்கு போதும், ஒரு கண் சிமிட்டல், முப்பத்தாறு படமும் கறுத்துப் போகும், வசீம் இருந்தால் வசீமும் போவான், கால் தடுக்கிக் கதவில் சாய்ந்துவிட்டேன் என்றால் யார் என்ன செய்ய முடியும், மகள் ஒருநாள் அழுவாள், ஜூன் வந்தால் சென்னைக்குப் போய்விடுவாள், எல்லாம் நல்லபடியாக முடியும். சீ, பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது. அப்படியே அவன் இருந்தாலும்தான் என்ன, கடை வைத்திருக்கிறான், தாடியை ஒழுங்காக வைத்திருக்கிறான், உம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறானாம், சீட்டு எழுதும்போது கையெழுத்தும் பரவாயில்லாமல்தான் இருந்தது… பார், நீ நிக்காஹ் வரைக்கும் போய்விட்டாய். பதினோராவது விதியும் ஞாபகம் வந்தது, அது ஒன்றுதான் அந்தத் தாளிலேயே தடித்த எழுத்தில் இருந்தது, அடுத்தவர் படத்தைக் கெடுத்தவர் ஃபிலிம் கழுவுகிற டேங்கைத் திறக்குமுன் தாமாகச் சொல்ல வேண்டும், சொன்னால் அடுத்த வாரமும் வரலாம், நெகடிவ் சொல்லிவிட்டால் வர வேண்டியதில்லை. வசீமுக்கு முன் இருந்த ஒரு பையன் அப்படித்தான் இரண்டாம் வாரம் பழகுகிற ஃபிலிமை மடித்துவிட்டு இல்லையென்று பொய் சொல்லி வகுப்பை விட்டே போனான். இரண்டு சனிக்கிழமை… அதையும் நானே தொலைத்துக்கொள்வேனா. கதவுப் பக்கம் போன கையைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து கதவைத் தட்டித் தங்கசாமி அண்ணன், தாயி, மூச்சு இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றாள்.

மூச்சு இருந்தது, தைரியம்தான் இல்லை. தைரியம் போகும்போது சபியாவின் கை என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது, பரீட்சை ரிசல்ட் வரும்போதும், பாலத்தில் பஸ் போகும்போதும், காதர் மைதீனின் போன் ஒருநாள் தள்ளிப் போனாலும் செய்வதுதான், பர்தா பாக்கெட்டுக்குள் போய் தஸ்பீஹை எடுத்தது, ஓதி எண்ணுகிற மாலை, முப்பத்து மூன்று மணி, விரலில் மாட்டி ஃபிலிம் கிடந்த முன்கைமேல் தொங்கவிட்டு, சுப்ஹானல்லாஹ் சுப்ஹானல்லாஹ் என்று உதட்டுக்குள் ஓட்டினாள். மனம் லேசானது. லேசானதோடு இல்லை, காரியமும் பிடிபட்டது, அட, ஃபிலிம் ரீலின் ஒரு பள்ளம் தாண்டி அடுத்த பள்ளத்துக்குள் ஏறிக் கிடக்கிறது, இதுதானா, இந்த ஓரம் மடங்கியிருக்கிறது பார், இதை இப்படி நிமிர்த்தி, இதை இப்படிப் பின்னால் இழுத்து… இறைவன் பெரியவன், கூப்பிட்ட உடனே எப்படிக் கண்ணைத் திறந்து… கண்ணை… ஓரம் மடங்கியிருப்பது எனக்கு எப்படித் தெரிகிறது. விரல் தெரிந்தது. விரலின் நகம் தெரிந்தது. பச்சையாக, இளம்பச்சையாக, முப்பத்து மூன்று மணியும் அவள் முன்கையில், ஃபிலிமின் மேலேயே படுத்துக்கொண்டு சாவகாசமாக மின்னிக்கொண்டிருந்தன. மக்காவுக்கு உம்ரா போய் வந்தபோது காதர் மைதீன் கொண்டுவந்தது, இருட்டில் ஒளிரும், கரண்ட் போனாலும் தேட வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார், காலையில் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து ஓதிக்கொண்டே வந்தாள், அது வெயிலை வயிறு முட்டக் குடித்திருந்தது. மோதிரத்தைக் கழற்றினவள் தஸ்பீஹைக் கழற்றினாளா, தஸ்பீஹை யாராவது விளக்கு என்று நினைப்பார்களா. உருவிக் கீழே போட்டு அதன்மேல் காலை… ஐயோ, அதை மிதிப்பதா, அஸ்தக்ஃபிருல்லாஹ், குனிந்து எடுத்துப் பாக்கெட்டின் அடியில் திணித்து, பாக்கெட்டைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மீதி ஃபிலிம் ஒரு முரண்டும் பண்ணாமல் ஏறிக்கொண்டது, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ரீலை டேங்குக்குள் போட்டு மூடியைத் திருகிக்கொண்டு வெளியே வந்தபோது கண் கூசியது. பதினேழு நிமிசமாச்சுக்கா, ஒண்ணுமில்லையே என்றாள் டீச்சர், ஒண்ணுமில்ல என்றது நாக்கு, நாக்குக்கு யார் அனுமதி கொடுத்தது என்று தெரியவில்லை. ஊர்த் தண்ணீர் வெந்நீராகக் கொதிக்கிற காலம், மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று மீன் ஏலக் கூடத்திலிருந்து ஐஸ் வாங்கி வந்து வாளியில் போட்டிருந்தாள் டீச்சர், அறை முழுக்க நெத்திலி வாடை. எட்டு நிமிடம். நிமிடத்துக்கு ஒரு தரம் டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பத்து எண்ணும் வரை. நாலு பேரும் வரிசையாக நின்று கவிழ்த்தார்கள். சபியா கையில் யும்னா, யும்னா கையில் மிளகாய், தங்கசாமி அண்ணன் கையில் வசீம், வசீம் கையில் சபியாவின் பூனை. யும்னா பக்கத்தில் நின்று குனிந்தபடியே, ரீல்ல நல்லா ஏறிச்சா என்று கேட்டாள், அன்றைக்கு அவள் தானாகப் பேசின முதல் பேச்சு. ம் என்றாள் சபியா. ஒன்று இரண்டு மூன்று… இப்போது சொல்லிவிடலாம், கவிழ்த்து நிமிர்த்தியதும் சொல்லிவிடலாம், ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது, இத்தனூண்டு மணி, மின்மினிப் பூச்சி அளவுகூட இல்லை, ஒன்றும் ஆகாமலிருந்தால் சொல்லி எதற்கு மானம் போக வேண்டும், ஆகியிருந்தால்… கெட்டுப் போனதில் வசீம் கெட்டுப் போயிருந்தால் நல்லதுதானே… இல்லை, அப்போது அவள் நான் வேண்டுமென்றே செய்தேன் என்பாள், நினைக்கத்தானே செய்தாய் நீ, கதவுக்குக் கை போனதுதானே, இதை வேண்டுமென்றே செய்யவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வாய்… ஏழு எட்டு ஒன்பது. வினிகர் வாடை வந்தது, அந்த மருந்தைக் கொட்டி அடுத்த மருந்தை ஊற்றினார்கள். அதற்கு ஐந்து நிமிடம்.

திறக்குமுன் டீச்சர் வழக்கப்படி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, கையில இருக்குற படத்துக்கு ஏதும் நேந்துச்சா என்று கேட்டாள். ஒருதரம் கால்ல விழுந்துச்சு, தொடச்சு எடுத்துட்டேன் என்றார் தங்கசாமி அண்ணன். ஒன்றுமில்லை என்றான் வசீம், ஒன்றுமில்லை என்றாள் யும்னா. சபியா டேங்கைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜில் ஒட்டின தாள் முழுதாகக் கண்ணில் ஓடிற்று.

“எம்மேலதான் தப்பு டீச்சர். உள்ள நின்னு தஸ்பீஹ எடுத்துட்டேன்.”

டீச்சருக்குப் புரியவில்லை, ஓதக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லையே என்று தாளையே திருப்பிப் பார்த்தாள். ஓதினது தப்பில்லை, லைட்டை நிறுத்துங்கள், காட்டுகிறேன் என்றாள் சபியா. சன்னலைச் சாத்தித் திரையை இழுத்து லைட்டை நிறுத்தினார்கள், சபியா பாக்கெட்டிலிருந்து எடுத்து உயர்த்திப் பிடித்தாள், வெட்கமில்லாமல் இன்னும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் இருட்டில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லாத்தான இருக்கு தாயி, எங்கன வாங்குனது என்று தங்கசாமி அண்ணனின் குரல் வந்தது. லைட் வந்ததும் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மஞ்சள் தாளின் அடியில் பேனாவால் பதினைந்து என்று போட்டு எழுத ஆரம்பித்தாள். யும்னா மட்டும் தரையைப் பார்த்தாள். முதல் நிபந்தனையும் போகட்டும், எல்லாம்தான் போய்விட்டதே.

“கண்ணு, அம்மா ஒன் படத்தக் கெடுத்துட்டேன்டா.”

“தெற, பாப்போம்” என்றாள் யும்னா, அம்மாவைப் பார்க்காமல்.

ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிமை எடுத்து சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நீட்டிப் பிடித்தாள் சபியா, மகளுக்கு முன் தான் பார்ப்பது நியாயமா என்று ஒரு நொடி தோன்றியது, பதில் வருவதற்குள் கண் போய்விட்டது. இருந்தது. ஆள் இருந்தது. அவள் நினைத்த மாதிரியே ஒரே ஆள், படத்துக்குப் படம் அதே ஆள், தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை அங்கி, மூஞ்சி கறுப்பு, யா அல்லாஹ், வசீம்கூட இல்லை, இது யாரோ அரபி, அரபிகள் உடுத்துகிற வெள்ளைத் தோப் போட்டுக்கொண்டு… அக்காள்மடத்துக்கு அரபி எங்கேயிருந்து வந்தான், தென்னை மரத்துக்கு நடுவே என்ன செய்கிறான், ஏன் ஒரு படத்தில் தரையில் கிடக்கிறான்… அடுத்த படத்தில் எழுந்து உட்கார்ந்து முழங்காலைத் தடவினான். அடுத்ததில் பின்னால் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நெகடிவில் எல்லாம் தலைகீழ்க்கா, கறுப்பெல்லாம் வெளுப்பு, வெளுப்பெல்லாம் கறுப்பு என்று முதல் வாரமே டீச்சர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளுப்பு என்றால் கறுப்பு, கறுப்பு என்றால் பர்தா… சபியாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாலு விழுதலும் இருந்தது, சொல்ல முடியாத இடத்தில் விழுந்ததும் சொல்ல முடியாத கோலத்தில் இருந்தது. பாம்பன் படகு ஒன்றுகூட இல்லை.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீ சொன்னியா?” என்றாள் யும்னா. கேட்டுவிட்டு மிளகாய் ஃபிலிமை அலசத் தொட்டிப் பக்கம் போய்விட்டாள், காது மட்டும் அவளுக்கும் சிவந்திருந்தது. சபியா ஃபிலிமைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள், சாத்தின கதவுக்குள் இருந்தவள் காதில் அமுதவள்ளியோடு போனில் நாள் பேசினது எப்படி விழுந்தது, தைல பாட்டில் ஏன் தானாக வந்தது, செருப்பில் ஏன் செம்மண், எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன, மகள் பின்னால் நான் மனசால் அலைந்துகொண்டிருந்த மூன்று வாரமும் மகள் காலாலேயே என் பின்னால் அலைந்திருக்கிறாள், ஐம்பது அடி தள்ளித் தென்னைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், பார்க்கிறவள் நான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்… கடைசி ஏழெட்டுப் படத்தில்தான் வந்தது வினை, வரிசையாக, வட்ட வட்டமாக, கறுப்புப் புள்ளிகள், எண்ணினால் முப்பத்து மூன்று இருக்கும், அந்த மணிகள் ஒன்று விடாமல் வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் ஸ்கூட்டி நேராக வந்தது, பின்னால் கம்பியைப் பிடிக்க யாருமில்லை, வெள்ளை அங்கி காற்றில் விரிந்திருந்தது. போன செவ்வாய். உலகத்தில் யாருமே பார்க்கவில்லை என்று பூனையிடம் சொன்னது. ஒருத்தி பார்த்திருக்கிறாள், அதைப் படமும் பிடித்திருக்கிறாள், அதன்மேல் கொண்டுபோய் இந்தக் கை தஸ்பீஹைப் போட்டிருக்கிறது. சிரிப்புத்தான் வந்தது, இனி இதைத் தமாமுக்கு அனுப்பினாலும் மாலை போட்டுக்கொண்டு வருவது யாரென்று அவருக்குத் தெரியப்போவதில்லை.

கடைசிப் படத்தைக் காட்டி, அடியில இதுவும் மணி பட்டதாக்கா என்று கேட்டாள் டீச்சர். ரோட்டின் அடிப்பக்கம் பெரிதாக ஒரு வட்டம். இல்லையே, மணி பட்டதெல்லாம் கறுப்பு, இது வெளுப்பு, இது என் பாவத்தில் வராது, வெளுப்பு என்றால் அங்கே தரையில் கறுப்பாக ஏதோ கிடக்கிறது, வட்டமாக, ஓரம் வளைந்து வளைந்து, நடுவில் கம்பு மாதிரி… குடை நிழல், குடை பிடித்துப் படம் எடுத்தவளின் நிழல்தான் காலுக்கு முன்னால் விழுந்திருக்கிறது, வண்டி நேர் எதிரே வருகிறது, அப்படியானால் அவள் தென்னைக்குப் பின்னால் இல்லை, நடு ரோட்டில் நிற்கிறாள், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு… சபியாவின் கட்டைவிரல் ஹாரனை அழுத்தினது மாதிரி தானாக மடங்கிற்று. தொட்டிப் பக்கம் யும்னா முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டாள். டீச்சர் இன்னும் பதிலுக்கு நின்றாள், மணியா இல்லையா என்று. சபியா வாயைத் திறந்தாள், ஆனால் வாயில் வந்து நின்றது அன்றைக்குக் கடந்து போகும்போது நினைத்ததுதான், யார் பெத்த பிள்ளையோ, யார் பெத்த பிள்ளையோ…